அண்ணன் தோல், தம்பி தோல்

வேலைக்குப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஜெசிந்தா முதலில் காட்டுவது தன் இடது கையைத்தான். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, நீலச் சுடரை உள்ளங்கை நடுவில் நிறுத்திக்கொண்டு, பேச்சைத் தொடர்வாள். எதிரில் நிற்பவர்களுக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அரை நிமிடம் கழித்துக் கையைத் திருப்பிக் காட்டுவாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, உரித்த நுங்குபோலப் பளபளக்கும் ஒரு படலம். அதில் ஒரு கொப்புளம்கூட இருக்காது.

"இது உறை இல்ல. உயிரோட இருக்கு. பசிக்கும். தெனமும் ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணியில கைய வச்சு ஊட்டிவிடணும்" என்பாள்.

கோவைக்குக் கிழக்கே, சூலூர் தாண்டி இருந்த அந்த வார்ப்பட ஆலையில் அவளை எல்லோரும் டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள். மேனேஜர் விசாகன் மட்டும் மேடம் என்பார். கேள்வி கேட்டால் போதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு விளக்க உட்கார்ந்துவிடுவாள். கேள்விகளில் பாதி மாரப்பனுடையவை. உருகிய இரும்பைச் சுமக்கும் லேடில் என்ற வாளியை இரண்டிரண்டு பேராகத் தூக்குவார்கள். மாரப்பனும் சென்னியப்பனும் பதினோரு வருஷமாக ஒரே லேடிலைத் தூக்குகிற ஜோடி. சென்னியப்பன் ஊருக்குள் வீடுள்ளவர், ஐம்பதை நெருங்குபவர். மாரப்பன் ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருபவன், பத்து வயது இளையவன்.

முதல் நாள் மாரப்பன் கேட்டது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. கடலுக்கு அடியில் முந்நூற்றைம்பது டிகிரியில் தண்ணீர் வருகிறது என்கிறீர்களே, அது கொதித்துப்போகாதா என்று.

"கேளு, சொல்லுதேன். கொதிக்கணும்னா ஆவி விரியணும். அங்க தலைக்கு மேல ரெண்டே முக்கால் கிலோமீட்டர் தண்ணி ஏறி உக்காந்திருக்கு. அந்தப் பாரம் விரிய விடுமா? கொதிக்க வழியில்லாம, கறுப்புப் புகை மாதிரி பீச்சிட்டு வரும். வந்ததும் சுத்தி இருக்கிற பனிக்கட்டித் தண்ணி பட்டு, அதுல கரைஞ்சிருக்கிற உலோகம் எல்லாம் உறைஞ்சு, ஊத்துக்கண்ணைச் சுத்தி ஒரு புகைபோக்கி மாதிரி வளரும். மூணு மாடி உசரம்."

அந்தப் புகைபோக்கிகளின் சுவரில்தான் அவள் அவற்றைப் பார்த்தாள். அவளுடைய தூத்துக்குடியில் ஜெல்லிமீனைச் சொறி என்பார்கள். வலையில் வந்தால் திட்டிக்கொண்டே உதறுவார்கள். ஆனால் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து அவள் இயக்கிய ரோபோவின் விளக்கில் தெரிந்தவை மிதக்கும் ஜாதி அல்ல. காளான்போல ஒரு தண்டு. அந்தத் தண்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் நின்றன. ஒருபக்கம் சுட்டெரிக்கும் சுவர், மறுபக்கம் இரண்டு டிகிரிக் குளிர். நடுவில் கைவிரல் நீளத்துக்கு ஒரு கூழ் உடம்பு. அந்தக் கூழ் சூட்டைத் தண்டில் வாங்கி, மறு நுனியில் குளிர்ந்த நீரில் கொட்டிவிடுகிறது. லாரி ரேடியேட்டர் செய்கிற அதே வேலை.

ஜெல்லிமீனுக்கு மூளை கிடையாது. உடம்பெங்கும் நரம்பு வலை உண்டு, தோலெங்கும் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் விஷ ஊசி ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்நிய உடம்பு பட்டால் கண் இமைப்பதற்குள் பாயும். தன் இனத்துச் சதை பட்டால் பாயாது. ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் பாடுபட்டு, மனிதத் தோலையும் தன்னுடையது என்று அதை நம்பவைத்தார்கள். நம்பியதும் அது மனிதக் கையில் வேர்விட்டு, நம் நரம்போடு தன் நரம்பைப் பின்னிக்கொண்டது.

அங்கே அருகருகே இரண்டு புகைபோக்கிகள் நின்றன. உயரமானதற்குக் கப்பல்காரர்கள் அண்ணன் என்றும் குட்டையானதற்குத் தம்பி என்றும் பெயர் வைத்தார்கள். வேலையெல்லாம் அண்ணனிலிருந்து எடுத்ததை வைத்தே நடந்தது. தம்பியிலிருந்து எடுத்தது இருப்பாகச் சென்னைத் தொட்டியில் கிடந்தது.

தோல் என்று எல்லோரும் சொன்ன அந்தப் படலம் வந்த முதல் வருஷம் ஆலையில் ஒருவருக்கும் தீக்காயம் இல்லை. இரண்டாம் வருஷம் மாட்டுத்தோல் கையுறைகளும் முகக்கவசங்களும் வாங்குவதை நிறுத்தினார்கள். மூன்றாம் வருஷம் லேடில் கம்பியை வெட்டினார்கள். அதுவரை ஐந்தடிக் கம்பியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சூட்டைவிட்டு எட்ட நின்றவர்கள் அவர்கள். இப்போது மூன்றடி. நடைபாதையைக் குறுக்கி இன்னொரு வரிசை அச்சு வைக்க இடம் கிடைத்தது. இடம் குறுகியதால், இரும்பைச் சாய்த்து ஊற்றும்போது மட்டும் பின்னால் நிற்பவன் முன்னால் வந்து, தோளோடு தோள் ஒட்டிக் கை கொடுக்க வேண்டும். ஜெசிந்தா அதைக் கவனித்தாள். தோல் தாங்கும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு அவள் தூத்துக்குடி போயிருந்தாள். அன்றைக்கு ஆலையில் எந்த இயந்திரமும் ஓடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மெயின் சுவிட்சை அணைத்து எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் காலைதான் திரும்பத் தொடுவார்கள். தோல் அறையில் இருந்த தொட்டியை மட்டும் விட்டுவிடச் சென்னியப்பனுக்கும் மாரப்பனுக்கும் மனம் வரவில்லை. வருஷமெல்லாம் தங்கள் கையைக் காக்கிற ஜீவனல்லவா. இரண்டு பேருமாகக் கண்ணாடியைத் துடைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. ஓய்வு நாளில் அதை உழைக்க விடுவது பாவமென்று அதன் பேட்டரி வயரையும் பிடுங்கிவைத்தார்கள்.

நான்கு மணி நேரத்தில் தொட்டியில் காற்று தீர்ந்தது. அவள் திரும்பி வந்தபோது அண்ணன் இனம் முழுவதும் தண்டின் பிடி விட்டு, சாம்பல் நிறக் கஞ்சியாகத் தரையில் படிந்திருந்தது. மாரப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அதுவும் நமக்கு ஆயுதந்தானுங்களே டீச்சரம்மா. நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க செஞ்சோம்."

அவளால் திட்ட முடியவில்லை. தோல் ஆறு மாதம்தான் உழைக்கும். அந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டியவர்கள் நாற்பது பேர். உற்பத்தி நிற்கக் கூடாதென்று விசாகன் நெருக்கினார். சென்னையிலிருந்து தம்பி இனத்தை வரவழைத்து, வரிசைப்படி நாற்பது பேருக்கும் போட்டுவிட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு போடுவதே அவள் வழக்கம். வேறு வித்தியாசம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த நாற்பதில் மாரப்பனும் ஒருவன். சென்னியப்பன் ஆடி முதல் வாரத்தில்தான் புதுப்பித்திருந்தார். அவர் கையில் இருந்தது அண்ணன்.

"நான் இப்பத் தம்பி ஆயிட்டனுங்ணா" என்று மாரப்பன் கையை ஆட்டிக் காட்டினான்.

"நீ என்னைக்கு அண்ணனா இருந்தே?" என்றார் சென்னியப்பன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், மாரப்பனும் சிரித்தான்.

புதுத் தோலில் கொட்டும் அறைகள் முளைக்க மூன்று வாரம் பிடிக்கும். நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அது நடந்தது.

ஜெசிந்தா கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேடில் நிறைய இரும்போடு இருவரும் மூன்றாம் வரிசைக்கு வந்தார்கள். சாய்க்க வேண்டிய நேரம். மாரப்பன் முன்னால் வந்து சென்னியப்பனோடு தோள் சேர்த்தான். இரண்டு முன்கைகளும் உரசின.

சென்னியப்பனின் கை சாட்டைபோல வெட்டி இழுத்தது. அவர் வாயிலிருந்து வந்தது மனிதக் குரலாகவே இல்லை. மாரப்பன் விறைத்துப்போய், பிடித்த கம்பியை விடவும் முடியாமல் தன் பக்கமாகவே சாய்ந்தான். தொண்ணூறு கிலோ இரும்பு அவன் இடுப்பில் கொட்டி, கால்கள் வழியாக வழிந்தது. தோல் போட்டிருந்தது கையிலும் மார்பிலும் மட்டும். துணி எரியவில்லை, ஒரே நொடியில் இல்லாமல் போனது. அவள் ஓடிச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. தரையில் இரும்பு கறுத்து இறுகிக்கொண்டிருந்தது; அவன் முழங்காலுக்குக் கீழே அதற்குள்ளேயே இருந்தது.

பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சென்னியப்பன் கையை வீசினார், மாரப்பன் செத்தான். போன வாரம்தான் கோயில் தேர் காலனி வழியாக வர வேண்டுமா கூடாதா என்று ஊருக்கும் காலனிக்கும் கைகலப்பு நடந்திருந்தது. கால் மணி நேரத்தில் முற்றத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. முதல் கல்லை எந்தப் பக்கம் எறிந்தார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

கல்லும் கம்பியும் சீக்கிரமே கீழே விழுந்தன. வெறும் கை அதைவிட வேலை செய்கிறது என்பதை அவர்கள் சில நிமிடங்களில் கண்டுகொண்டார்கள். ஒருவன் எதிராளியின் கழுத்தை முன்கையால் வளைத்துப் பிடித்தான். பிடிபட்டவன் நெஞ்சுத் தோல் வெள்ளையாக வெடித்தது. அவன் வாயில் நுரை தள்ளி, முதுகு வில்லாக வளைந்து விழுந்தான். பிடித்தவனும் அவன்மேலேயே விழுந்தான். மண்ணில் துடித்த உடம்புகளை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள். கைகள் மோதுமிடமெல்லாம் ஈரத்துணியை அறைவதுபோலச் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பயத்துக்கு நடுவிலும் அவள் கண் கணக்கெடுத்தது. அது அவளுடைய பழக்கம். காலனிக்காரர் ஒருவர் தன் சொந்தத் தங்கை மகனைச் சண்டையிலிருந்து இழுக்கப்போனார். அவன் கையைத் தொட்டதும் இருவரும் சுருண்டார்கள். கொஞ்சம் தள்ளி, ஊர்க்காரன் ஒருவனும் காலனிக்காரன் ஒருவனும் கட்டிப்புரண்டு குத்திக்கொண்டார்கள். அவர்கள் தோல் சும்மா கிடந்தது. எந்தக் கை எந்தக் கையைக் கொல்கிறது என்பதற்கும் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

போலீஸ் வந்து தடியால் பிரித்தபோது இரண்டு பேர் இறந்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் பின்வாங்கி நின்றன. நடுவில் யாரும் நிற்காத ஒரு பட்டை வெறும் மண்.

அதைப் பார்த்த கணத்தில் அவளுக்குக் கடலடி நினைவுக்கு வந்தது. இதே பட்டையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அண்ணனும் தம்பியும் அடியில் ஒட்டி நிற்கும் இடத்தில், இரண்டு கூட்டத்து ஜெல்லிமீன்களும் நெருங்கி வந்து, சரியாக ஒரு சாண் விட்டு நின்றன. அந்த ஒரு சாணில் ஒரு புழுகூட இல்லை. கப்பல் குறிப்பேட்டில் அவள் எழுதிவைத்தாள்: வெப்பம் மிகுதி, உயிர்கள் இல்லை. ரோபோவின் கையில் வெப்பமானி இருந்தது. வைத்துப் பார்க்கவில்லை. அது சூடான இடமல்ல, போர்க்களம்.

சென்னியப்பனைக் கொலை வழக்கில் கூட்டிக்கொண்டு போனார்கள். மாரப்பன் உடலில் தோல் இன்னும் உயிரோடு இருந்ததால் அரசு மருத்துவமனையில் தொடவே அஞ்சினார்கள். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அகற்றச் சொன்னார்கள். அவள் உரித்தெடுத்து உப்புநீர்ப் புட்டியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆலையின் கூட்ட அறையில் இன்ஸ்பெக்டர் விசாரணை நடத்தினார். சென்னியப்பனை அழைத்துவந்து மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். விசாகன் தெளிவாகப் பேசினார்: தோல் அரசாங்கச் சான்று பெற்றது, இத்தனை வருஷத்தில் ஒரு குறையும் வந்ததில்லை, இது ஆட்களின் பழைய பகை. ஜெசிந்தா எழுந்து தன் பக்கத்தைச் சொன்னாள். இரண்டு புகைபோக்கி, ஒரு சாண், கொட்டும் அறைகள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, ஜெல்லிமீன்மேல் குற்றப்பத்திரிகை எழுத முடியாதே அம்மா என்றார்.

அவள் வலது கைச் சட்டையை மடித்தாள். மாரப்பனின் தோல் அதில் இருந்தது. ஒட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, நரம்பு பின்னியிருந்தது.

"இடது கையில அண்ணன். மூணு வருசமா இருக்கிற இனம். இது மாரப்பன் கையில இருந்த தம்பி. எனக்கு என்மேல பகை ஒண்ணும் இல்ல சார். பாத்துக்கிடுங்க."

சென்னியப்பன் பாதி எழுந்துவிட்டார். "வேண்டாங்க டீச்சரம்மா."

அவள் கும்பிடுவதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தாள்.

தோள்வரை இரும்பை ஊற்றியது போலிருந்தது. கைகளைப் பிரிக்க நினைத்தாள். தசைகள் அவள் சொல்வதைக் கேட்கவில்லை. ஒன்றையொன்று நெரித்தன. இரண்டு தோல்களும் வெளுத்து, நூறு நூறு இடத்தில் வெடித்து, மேசையில் பால்போலத் தெறித்தன. சுண்டுவிரல் எலும்பு முறியும் சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது. நாற்காலியோடு பின்னால் விழுந்தபோது, இன்ஸ்பெக்டர் சுவரோடு ஒட்டி நிற்பது அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலையே சென்னியப்பனை விட்டுவிட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து அவள் வேலைக்குத் திரும்பியது தை பிறந்து ஒரு வாரம் கழித்து. இரண்டு கையிலும் தோல் இல்லை. உள்ளங்கைகள் சுருங்கிச் சிவந்து, வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் இருந்தன. வாசலிலேயே புதிய மஞ்சள் கோடு கண்ணில் பட்டது. ஒரு சாண் அகலம். வார்ப்புக் கூடத்தின் நடுவே ஓடி, கேன்டீனுக்குள் போய், கை கழுவும் குழாய்களைப் பிரித்து, பின்வாசல் வழியாக வெளியேறியது. டீ கேன் இரண்டாக இருந்தது.

தோல் அறையிலும் இப்போது இரண்டு தொட்டிகள். கடலிலிருந்து அண்ணனைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் நிரூபித்ததை வைத்தே விதிமுறை எழுதியதாக விசாகன் உண்மையான நன்றியோடு சொன்னார். ஒரே இனத்துக்குள் ஆபத்து இல்லையல்லவா. இரண்டு மாதமாக ஒரு சின்ன உரசல்கூட இல்லை. கம்பி மூன்றடியாகவே இருந்தது.

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அண்ணன் அறுபத்தொரு பெயர். தம்பி முப்பத்தெட்டு. ஆட்கள் சேரும்போது முகவரி எழுதிக்கொள்வது அவள்தான். முப்பத்தெட்டு பேரின் வீடும் அவளுக்குத் தெரியும். அறுபத்தொன்றில் ஒருவர்கூட ஊருக்கு வெளியே இருப்பவர் இல்லை.

"யாரு பிரிச்சது?"

"நாங்க எதுவும் பண்ணல மேடம். அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. பேரு அப்படி அமைஞ்சு போச்சுல்ல, தம்பி வேண்டாம்னு ஊர்க்காரங்க ஒத்தக்கால்ல நின்னாங்க. நமக்கு வேலை நடந்தாச் சரி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

பதினோரு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். கையில் ஒரு சீப்பு செவ்வாழை. அவள் விரல்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளைகள் இன்று சோறு தின்பது அந்தக் கைகளால்தான் என்றார். ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன் என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவருடைய ஆறு மாதம் அன்றோடு முடிந்தது.

"எதைப் போட?" என்று கேட்டாள்.

"அண்ணனையே போட்டுருங். தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. எங்க ஆளுக எல்லாம் அதுலதானுங்களே இருக்காங்க. உசுருக்குப் பாதுகாப்பு."

"மாரப்பன் இருந்திருந்தா?"

அவர் தரையைப் பார்த்தார். "அவனுக்குத் தம்பிதானுங்களே வரும்" என்றார்.

ஜெசிந்தா பிரஷை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். பூஜை அன்று வைத்த மஞ்சள் கிண்ணம் அங்கேயே காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, வளையாத விரல்களால் இரண்டு தொட்டிக் கண்ணாடியிலும் பூசினாள். பிறகு சுவிட்சை அணைத்தாள். பேட்டரி வயரைப் பிடுங்கினாள். பம்பின் வேகம் மெல்லக் குறையத் தொடங்கியது.

சென்னியப்பன் எழுந்து நின்றார். அவர் நினைத்தால் அவளை ஒரு கையால் தள்ளிவிட்டு வயரை மாட்டலாம்.

"இன்னைக்கு என்ன நாளுங்க டீச்சரம்மா?"

"ஆயுத பூஜை" என்றாள். "நாலு மணி நேரம் ஓய்வு. மேனேஜர்ட்டப் போய்ச் சொல்லுங்க, பழைய கையுறை எங்க கெடக்குன்னு தேடச் சொல்லுங்க. கம்பிய அஞ்சடியா மாத்தச் சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார், பிறகு தொட்டியை.

"அஞ்சடின்னா, மறு முனையில யாருங்க நிப்பாங்க?"

"யாரு வேணாலும் நிக்கலாம். கை படாது."

அவர் போகவில்லை. தோல் தளர்ந்துகொண்டிருந்த தன் முன்கையைத் தடவியபடி அங்கேயே நின்றார். பம்ப் கடைசியாக ஒருமுறை உறுமி ஓய்ந்தது. இரண்டு தொட்டிகளிலும் குமிழிகள் ஒன்றாக நின்றன.